காலர் மைக்கில் கேட்டவை

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மா பழைய மெகா தொடர்களை யூடியூபில் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டு, அதில் வில்லியாக வந்த நடிகையை இன்னும் திட்டுகிறாராம். எட்டாம் வகுப்பு படிக்கும் 13 வயதுத் தங்கை ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் முதல் கட்டத் தேர்வைத் தாண்டிவிட்டாளாம். அப்பாவுக்குச் சைக்கிள் கடை என்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். "திரைக்குப் பின்னால் இவங்கல்லாம் எப்படி இருப்பாங்க? அழுகை, சண்டை எல்லாம் எழுதிக் குடுத்து நடிக்கிறதுதானா?" என்று முடித்திருக்கிறார். கேள்வி நடிகர்களைப் பற்றியதுபோல இருந்தாலும், தம்பி கேட்க வந்தது வேறு என்றே எனக்குப் படுகிறது. தங்கச்சியை அனுப்பலாமா, அனுப்பினால் அவளை ஊருக்கு என்னவாகக் காட்டுவார்கள்? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். அம்மாவின் வில்லிக்கும் வழியிலேயே பதில் வந்துவிடும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் திருத்துறைப்பூண்டிக்காரன். எங்கள் பக்கம் எண்பதுகளில் சென்னை தூர்தர்ஷனைவிட இலங்கையின் ரூபவாஹினிதான் தெளிவாக எடுக்கும். மூங்கிலில் ஆண்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பிவிட்டு, "இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா" என்று மாடியிலிருந்து கத்திய பிள்ளைகளில் நானும் ஒருவன். படிப்பு ஏறாமல் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். குழாய் கட்டுவது, ஆம்ப்ளிஃபயர் தூக்குவது, காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் விடிய விடியப் பாட்டுப் போடுவது. 1999ல் அங்கிருந்து வடபழனி போய்ச் சேர்ந்தேன். சீரியல்களில் பூம் (நீளக் கம்பி நுனியில் மைக்) பிடித்தேன், பிறகு ரியாலிட்டி ஷோக்களில் சட்டையில் குத்தும் சின்ன காலர் மைக்கை மாட்டிவிடும் பையன், கடைசியில் ஒலிப்பதிவாளர். 2018ல் ஊர்ப்பக்கம் திரும்பி, இப்போது கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். காலர் மைக் மாட்டிவிடுகிறவனை ஃப்ளோரில், அதாவது படப்பிடிப்பு அரங்கில், யாரும் மனிதனாக எண்ணுவதில்லை. அது வசதிதான். கேமரா நின்ற பிறகும் அந்த மைக்கின் ஒலியை அனுப்புகிற, இடுப்பிலிருக்கும் பேக் என்ற சின்னப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும்; என் காதில் ஹெட்போனும் இருக்கும். அதனால் நடிகர்களும் போட்டியாளர்களும் கேமராவுக்குச் சொல்லாததை நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஓட்டு எண்ணுகிற அறைக்குள் நான் போனதில்லை. யாரை ஜெயிக்கவைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் உட்கார்ந்ததும் இல்லை. எனவே "வின்னர் முன்கூட்டியே ஃபிக்ஸா" என்ற பக்கம் போகமாட்டேன்.

அம்மாவின் வில்லிக்கு வருவோம். தொண்ணூறுகளின் கடைசியிலும் 2000களிலும் வந்த தமிழ்த் தொடர்களில் பெரும்பாலானவை படப்பிடிப்பு முடிந்து டப்பிங் செய்யப்பட்டவை. கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த நடிகைகள் நிறையப் பேர். தமிழ் வராதவர்களுக்கு உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்வார், அவர்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். இதற்கு பிராம்ப்ட் என்று பெயர். குடந்தைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு நடந்தபோது, தெருக்காரப் பாட்டி ஒருவர் நேராக உள்ளே வந்து வில்லி நடிகையின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "நீ நல்லா இருப்பியாடி? அந்தப் புள்ளைய என்ன பாடு படுத்துறே" என்று சபித்தார். அந்த நடிகைக்குத் தெரிந்தது கன்னடமும் கொஞ்சம் இங்கிலீஷும். வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். பாட்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். அந்த வில்லியின் குரல் வேறொருவருடையது. வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டரில், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, ஃபிளாஸ்க்கில் சீரகத் தண்ணீரை வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துக் கத்திவிட்டு நாலு மணி பஸ்ஸுக்கு ஓடுகிற ஒரு பெண். உங்கள் அம்மா யாரைத் திட்டுவது? முகத்தையா, குரலையா, பிராம்ப்ட் சொன்ன உதவி இயக்குநரையா?

பாத்திரத்தையும் நடிகரையும் ஒன்றாகப் பார்ப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. 1987 ஜனவரியிலிருந்து ஞாயிறு காலையில் ராமானந்த் சாகரின் ராமாயணம் வந்தபோது, இந்தி எதிர்ப்பில் ஊறிய நம் டெல்டாவிலேயே பஞ்சாயத்து டிவி முன்னால் இந்தி தெரியாத கூட்டம் உட்கார்ந்து பார்த்தது. கதை தெரிந்ததுதானே, பாஷை எதற்கு? அதில் சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991 தேர்தலில் குஜராத்திலிருந்து மக்களவைக்குப் போனார்கள், இருவரும் ஒரே கட்சி. நிஜத்தில் சீதையும் ராவணனும் ஒரே பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்து வந்த பி.ஆர்.சோப்ராவின் மகாபாரதத்தில் சகுனியாக நடித்த கூஃபி பெய்ண்டல்தான் அந்தத் தொடருக்கு நடிகர்களைத் தேர்வு செய்தவர்களில் முக்கியமானவர். பாண்டவர்களுக்கும் கௌரவர்களுக்கும் ஆள் பிடித்தது சகுனி! இதைவிட நல்ல திரைமறைவுக் கதையை நான் கேட்டதில்லை.

சீரியல் நடிகர்களுக்குள் சண்டை உண்டா என்றால், உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற சண்டை அல்ல. கால்ஷீட் தகராறு, பேட்டா பாக்கி, யார் கேரவனில் யார் உட்காருவது, இவ்வளவுதான். திரையில் மாமியாரும் மருமகளுமாக மோதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு உண்மையான வில்லன் வியாழக்கிழமை. எந்தத் தொடரை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்ற பார்க் (BARC) ரேட்டிங் இப்போது வாராவாரம் வெளியாகிற நாள் அது. எண் இறங்கினால் டிராக், அதாவது கதைப் போக்கு, மாறும். டிராக் மாறினால் ஒரு பாத்திரம் வெளியூர் போகும், அல்லது கோமாவில் படுக்கும், அல்லது 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து ஓடும். தனக்கு விபத்து நடக்கப்போகிறது என்பதை ஒரு நடிகர் அன்று காலை மேக்கப் போடும்போதுதான் தெரிந்துகொண்டார். "அண்ணே, எனக்கு இன்னிக்கு ஆக்சிடென்ட்டாமே, இ.எம்.ஐ. யாரு கட்டுறது?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒலிக்காரன் என்பதால் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. திருமுருகன் இயக்கிய நாதஸ்வரம் தொடரின் 1000வது பகுதியை 2014ல் காரைக்குடியிலிருந்து நேரலையாக, ஒரே ஷாட்டில், 23 நிமிடத்துக்கு மேல் ஒளிபரப்பினார்கள். டப்பிங் இல்லை, பிராம்ப்ட் இல்லை, வசனம் மறந்தால் மறந்ததுதான். அந்த யூனிட்டில் நான் இல்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மற்றவர்கள் நடிகர்களைப் பார்த்திருப்பார்கள், நான் ஒரு பேட்டரியாவது நடுவில் செத்துவிடுமோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, எதிர்நீச்சல் தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து. 2023 செப்டம்பர் 8 அன்று காலை அந்தத் தொடருக்காக டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். வீட்டுப் பெண்களை அதட்டுகிற அந்தக் குரலைத் திட்டிக்கொண்டே ரசித்த நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் அன்று அழுதார்கள் என்பதை நான் பார்த்தேன். என் வீட்டிலேயே உலை வைக்கவில்லை.

இனி உங்கள் தங்கச்சி போகப்போகிற இடம். ரியாலிட்டி ஷோவில் வசனம் எழுதிக் கொடுக்கிறார்களா? நான் வேலை பார்த்த நிகழ்ச்சிகளில் ஆங்கருக்கும் நகைச்சுவைப் பகுதிக்கும் எழுத்து உண்டு, ஜட்ஜுகளுக்குக் குறிப்பு உண்டு. போட்டியாளர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதற்குத் தேவையே இல்லை. வசனத்துக்குப் பதிலாகச் சூழ்நிலையை எழுதுவார்கள். காலை ஏழு மணிக்கு வரச்சொல்லி இரவு பதினொன்றுக்கு மேடை ஏற்றினால், யாராக இருந்தாலும் ஒரு சொல்லில் உடைந்துவிடுவார்கள். எலிமினேஷனுக்கு முன், எடுத்த பாடலில் சிக்கல் இருக்கிறது என்று கடைசி நிமிடத்தில் பாட்டை மாற்றினால் முகம் தானே மாறும். வரும் கண்ணீர் நிஜமானது. அதை எங்கே வைப்பது என்பதுதான் எடிட்டிங் மேசையில் நடக்கிற வேலை.

இது இன்று நேற்று வந்த வியாதியும் அல்ல. அமெரிக்காவில் 1973ல் 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்று ஒரு தொடர் ஒளிபரப்பானது. கலிஃபோர்னியாவின் லவுட் குடும்பத்தைப் பல மாதங்கள் கூடவே இருந்து படம் பிடித்தார்கள். ஏறக்குறைய 300 மணி நேர ஃபுட்டேஜ். ஒளிபரப்பானது 12 பகுதி. கணவனை வீட்டைவிட்டுப் போகச் சொன்ன மனைவியின் கணம் வரை கேமராவில் இருந்தது. ஒளிபரப்புக்குப் பிறகு அந்தக் குடும்பம் சொன்ன குறை என்ன தெரியுமா? நடக்காததைக் காட்டினார்கள் என்பதல்ல. நாங்கள் சிரித்த நாட்களை எல்லாம் விட்டுவிட்டார்கள் என்பது. 300 மணி நேரத்தில் 288 மணி நேரத்தைத் தூக்கிப் போடுகிறவன் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. எதைத் தூக்கிப்போடுகிறான் என்பது போதும்.

பிக் பாஸ் பார்த்திருப்பீர்கள். சண்டை எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும், நடுவில் அந்தக் குரல் வந்து மைக்கை ஒழுங்காக மாட்டச் சொல்லும். நேயர்களுக்கு அது சிரிப்பு. என்னைப் போன்றவனுக்கு அதுதான் முழுத் தொழிலும். ஒலி இல்லாத படத்தை வைத்து எடிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. படம் இல்லாத ஒலியை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். செவ்வாய்க்கிழமை சமையற்கட்டில் சொன்ன "எனக்கு அவங்களைப் புடிக்கல" என்ற ஒரு துண்டை எடுத்து, வெள்ளிக்கிழமை தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் முதுகின் மேல் வைத்துவிடலாம். 'அவங்க' யார் என்பதும் அதோடு மாறிவிடும். இதை எல்லா இடத்திலும் செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். செய்ய முடியும், செய்து நானே கேட்டிருக்கிறேன், அவ்வளவு உறுதி. கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஒருவர் பேசத் தொடங்கியதும் அவர் முகம் மறைந்து, கேட்பவர் முகமோ, ஓடுகிற ஃபேனோ, காபி கோப்பையோ வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின்னால் கேட்கிற ஏ.சி. இரைச்சல் வாக்கியத்தின் நடுவில் மாறினால், அது தைத்த பேச்சு. துணியில் தையல் தெரியாமல் இருக்கலாம், காதில் தெரிந்துவிடும். கைதட்டலையும் ஜட்ஜ் வியப்பில் கையை வாயில் வைப்பதையும் பற்றி ஒரு வரி போதும். பார்வையாளர்களை உட்காரவைத்து முதலிலேயே தட்டச்சொல்லி, சிரிக்கச்சொல்லி, எழுந்து நிற்கச்சொல்லி எடுத்து வைத்துக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம்.

நான் மறக்க முடியாதது ஏவி. அதாவது போட்டியாளரின் வீட்டைக் காட்டும் நாலு நிமிடப் படம். குடவாசல் பக்கத்து ஒரு பெண்பிள்ளைக்காகப் போனோம். அப்பா தையல்காரர். வாசலில் மிஷின், உள்ளே பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். எனக்குப் பார்த்தவுடனே பிடித்தது. கிரியேட்டிவ் டீமில் வந்த பையனுக்குப் பிடிக்கவில்லை. "டெல்டான்னா வயல் இருக்கணும் சார், ஆடியன்ஸ் எதிர்பார்ப்பாங்க" என்றான். அந்தக் குடும்பத்துக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரின் வயலில், சம்பா நடவு முடிந்து பச்சை பிடித்திருந்த நேரம், தையல்காரரை வேட்டியை மடித்துக் கட்டச்சொல்லி, மண்வெட்டியைத் தோளில் வைத்து வரப்பில் நிற்கவைத்தார்கள். மனிதருக்கு மண்வெட்டி பிடிக்கவே வரவில்லை. கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது டேக்கில்தான் கழற்றினார்கள். வரப்பு ஓரம் உட்கார்ந்திருந்த நடவுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வந்தவர்கள் மனம் கோணக்கூடாதே என்று.

மூன்று வாரம் கழித்து ஃப்ளோரில் அந்த ஏவியைப் போட்டார்கள். பிள்ளை மேடையில் நின்று பார்த்து விம்மி விம்மி அழுதது. ஜட்ஜ் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். விவசாயி மகளின் வைராக்கியத்தைப் பற்றி உருக்கமாக ஒரு நிமிடம் பேசினார். அரங்கம் எழுந்து நின்றது. நிஜமாகவே நின்றது, அன்று யாரும் சொல்லி எழவில்லை. பிரேக்கில் பேட்டரி மாற்றப் போனேன். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எங்கப்பாவ ஏன்ணே அப்படி நிக்க வச்சாங்க? ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்கண்ணே" என்றது. அழுகைக்குக் காரணம் அது. அந்த வார்த்தைகள் என் ரெக்கார்டரில் பதிவாகியிருந்தன. ஒளிபரப்பில் வரவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை, அடுத்த ஷெட்யூலுக்கு எனக்கும் சம்பளம் வேண்டியிருந்தது. அழுகை நிஜமா நடிப்பா என்று நீங்கள் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தையல்காரரின் டேப்தான்.

பாட்டைப் பற்றியும் ஒன்று. மேடையில் பாடியதும் வீட்டில் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் 1997லேயே வந்துவிட்டது. 2010ல் பிரிட்டனின் எக்ஸ் ஃபாக்டர் நிகழ்ச்சியில் தேர்வுச் சுற்றுப் பாடல்களை இப்படித் திருத்தி ஒளிபரப்பியது வெளியே தெரிந்து பெரிய ரகளை ஆனது. நிகழ்ச்சித் தரப்பும் ஒப்புக்கொண்டது. இங்கேயும் மிக்ஸிங்கில் ஒலியைச் செம்மை செய்வது சாதாரணம். எவ்வளவு செம்மை என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். இதை நான் சொல்வது எச்சரிக்கைக்காக. டிவியில் கேட்ட தன் குரலை நம்பி ஊர்த் திருவிழா மேடையில் ஏறி, பாடுகிறவரைப் பார்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் வந்த சொந்தக் குரலைக் கேட்டுத் திகைத்து நின்ற பிள்ளைகளுக்கு நானே மைக் வைத்திருக்கிறேன். தங்கச்சி வீட்டில் பாடியதை ஃபோனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளட்டும். அளவுகோல் அதுதான்.

அனுப்பலாமா? அனுப்பலாம் என்பேன். பாட்டு நன்றாக இருந்தால், பிள்ளைக்கும் ஆசை இருந்தால். ஆனால் சில காரியங்களைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். 14 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பற்றி மத்திய அரசின் குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017ல் சேர்த்த பகுதி தெளிவாக இருக்கிறது. தொலைக்காட்சியும் அதில் அடக்கம். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர்தான் வாங்க வேண்டும். வருகிற பணத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் வைப்பாகப் போக வேண்டும். பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் கட்டாயப்படுத்தக்கூடாது. இந்த அனுமதிக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டாலே, ஃப்ளோரில் உங்கள் தங்கச்சியை இரவு பதினொரு மணிவரை உட்காரவைக்கத் தயங்குவார்கள். நான் கண்ணால் பார்த்த விஷயம் இது. கேட்ட அப்பா, கேட்காத அப்பா என்று இரண்டு நடத்தை உண்டு.

ஒப்பந்தத்தில் பதிவு செய்த அனைத்தும் தங்களுக்கே சொந்தம், விருப்பம்போல வெட்டி ஒட்டலாம் என்று ஒரு வரி இருக்கும். அதை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார்கள், வீணாக மல்லுக்கட்ட வேண்டாம். அதற்குப் பதில் தங்கச்சிக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். இடுப்பில் பேக் இருக்கும்வரை, பக்கத்தில் யாருமில்லாவிட்டாலும், யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாத்ரூம் போகும்போது பேக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மைக் பையன் வாங்கிக்கொள்வான், அது அவன் வேலை. இன்னொரு பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வதாக இருந்தால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லட்டும்.

ஏவி எடுக்க வருவார்கள். வயலைத் தேடுவார்கள், இல்லாவிட்டால் குடமுருட்டிக் கரைக்குப் போகலாம் என்பார்கள். அப்பாவைக் கடையிலேயே நிற்கச் சொல்லுங்கள். பஞ்சர் ஒட்டும் தண்ணீர்த் தொட்டியும் சுவரில் மாட்டிய பழைய டயர்களும் கேமராவில் நன்றாகவே விழும். பெடலைச் சுற்றிவிட்டால் ஃப்ரீவீல் சத்தம் வரும். அதை மைக்கில் தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மைக் பையனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.